‘பீதியடைய ஒன்றுமில்லை’: 1975 நெருக்கடி நிலை பேசிய மொழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தி மேசையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ‘துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது’, ‘குடிசைகள் அகற்றப்பட்டன’ என்று வந்து விழும் வாக்கியங்களைத் திருத்துவதுதான் தினசரி வேலை. நாடு தடுமாறும் நேரத்தில் தலைவர்கள் தங்கள் செயலுக்கு எப்படி வார்த்தை தேடுகிறார்கள் என்று நண்பர்களும் இளம் நிருபர்களும் அடிக்கடி கேட்பார்கள். அதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இந்திராகாந்தியின் நெருக்கடி நிலை. பேச்சு, பிரகடனம், சுவரொட்டி, தீர்ப்பு, சட்டத் திருத்தம் எல்லாமே எழுத்தில் கிடைக்கின்றன. சொல்லையும் செயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அப்போது பிறக்காதவர்களுக்காக: 1975 ஜூனில் நடந்தது என்ன?

1971 தேர்தலில் ரேபரேலியில் இந்திராகாந்தி பெற்ற வெற்றியை எதிர்த்து, அவரிடம் தோற்ற ராஜ் நாராயண் வழக்குப் போட்டிருந்தார். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். அரசு ஊழியர்களைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது குற்றம், ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது. ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராக இருக்கலாம், நாடாளுமன்றத்தில் வாக்களிக்கக் கூடாது. மறுநாள் மாலை டெல்லி ராம்லீலா மைதானத்தில், அரசுக்கு எதிரான இயக்கத்தை நடத்திவந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜெ.பி.) பெரிய கூட்டம் நடத்தினார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பத்திரிகை அலுவலகங்கள் இருந்த பகதூர் ஷா ஜாஃபர் சாலையில் மின்சாரம் நின்றது. எதிர்க்கட்சித் தலைவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கைது செய்தார்கள். அமைச்சரவைக்கே விஷயம் தெரிந்தது காலை ஆறு மணிக்குத்தான்.

21 மாதங்கள் கழித்து, 1977 மார்ச் 21 அன்று அது முடிந்தது.

வானொலியில் அவர் சொன்ன முதல் வார்த்தைகள் என்ன?

ஜூன் 26 காலை அகில இந்திய வானொலியில் பேசினார். தொடக்கம் இப்படி: “குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்திருக்கிறார். பீதியடைய ஒன்றுமில்லை.”

இந்த இரண்டு சின்ன வாக்கியங்களில் நிறைய இருக்கிறது. முதல் வாக்கியத்தின் எழுவாய் யார்? குடியரசுத் தலைவர். முடிவு எடுத்தது யார்? பேசிக்கொண்டிருப்பவர். குடியரசுத் தலைவருக்குக் கடிதம் போனது அவர் வீட்டிலிருந்து. மேற்கு வங்க முதலமைச்சர் சித்தார்த்த சங்கர் ராயைக் கூப்பிட்டுச் சட்ட வழி கேட்டது அவர். ஆனாலும் ‘நான்’ என்று தொடங்கவில்லை. காகிதத்தில் யார் கையெழுத்தோ அவர் பெயர் முன்னால் நிற்கிறது.

‘நான்’ மூன்றாவது வாக்கியத்தில்தான் வருகிறது, அதுவும் வேறு வேலைக்கு. சாதாரண ஆண்களுக்கும் பெண்களுக்கும் நன்மை தரும் முற்போக்கான நடவடிக்கைகளை நான் தொடங்கிய நாளிலிருந்தே ஆழமான, பரந்த சதி உருவாகி வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்கிறார். கைது செய்ததில் ‘நான்’ இல்லை. ஏழைக்கு நன்மை செய்ததில் ‘நான்’ இருக்கிறது. பல தடவை படித்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

‘உங்களுக்குத் தெரிந்திருக்கும்’ என்பதையும் கவனியுங்கள். சதி என்று ஒன்று இருப்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பேசுகிறவருக்கு. கேட்பவர்களுக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டால் அந்தப் பொறுப்பு இறங்கிவிடுகிறது. தெரியாது என்று சொல்ல வானொலிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரால் முடியாது.

தீர்ப்பைப் பற்றி அந்த உரையில் என்ன சொன்னார்?

‘என்மேல் எல்லா விதமான பொய்க் குற்றச்சாட்டுகளும் வீசப்பட்டிருக்கின்றன’ என்ற பொதுவான சொல்லோடு கடந்து போகிறார். பிறகு, இது தனிப்பட்ட விஷயம் இல்லை, நான் பிரதமராக இருப்பதும் இல்லாததும் முக்கியமில்லை, பிரதமர் என்ற பதவிதான் முக்கியம் என்கிறார்.

பதவிக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் கோட்டை அழிக்கும் வேலை இது. அந்த ஆகஸ்டிலேயே அரசியலமைப்பின் 39ஆவது திருத்தம் வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது அது. தனிப்பட்ட விஷயம் இல்லை என்று ஜூனில் சொன்ன சொல்லுக்கு ஏழு வாரத்துக்குள் கிடைத்த பதில் அந்தத் திருத்தம். (அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் நவம்பரில் செல்லாது என்றது, அவருடைய தேர்தலை மட்டும் ஏற்றது.)

இன்னொரு வாக்குறுதியும் உண்டு. சட்டத்தை மதிக்கும் குடிமக்களின் உரிமைகளை இந்தப் பிரகடனம் எந்த வகையிலும் பாதிக்காது என்றார். மறுநாள், ஜூன் 27 அன்று, சட்டத்தின் முன் சமத்துவம், உயிர் வாழும் உரிமை, கைதானவருக்கான பாதுகாப்பு ஆகிய 14, 21, 22ஆவது பிரிவுகளுக்காக யாரும் நீதிமன்றம் போக முடியாது என்று ஆணை வந்தது. சட்டத்தை மதிப்பவர், மதிக்காதவர் என்ற பிரிவினை அந்த ஆணையில் இல்லை.

நிஜமாகவே நெருக்கடி இருக்கவில்லையா? எல்லாமே ஜோடனையா?

எல்லாமே ஜோடனை இல்லை. 1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள், அப்புறம் போர். பிறகு மழை பொய்த்தது, 1973இல் எண்ணெய் விலை ஏறியது, 1974இல் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியது. அந்த மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். குஜராத்திலும் பீகாரிலும் மாணவர் போராட்டம். 1975 ஜனவரியில் ரயில்வே அமைச்சர் எல்.என். மிஸ்ரா குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். இவை எதையும் அவர் கற்பனை செய்யவில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. நூறு சதவீதப் பொய்யை யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையான கஷ்டங்களை எடுத்து, அவற்றை ஒரே கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றுக்குச் ‘சதி’ என்று பெயர் வைத்ததுதான் அங்கே நடந்தது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1971 டிசம்பரில் போருக்காகக் கொண்டுவந்த நெருக்கடி நிலை 1975 ஜூனிலும் அமலில்தான் இருந்தது. அதை ரத்து செய்யவே இல்லை. அதன் மேல் இரண்டாவதாக ஒன்று. பின்னாளில் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையிலான கமிஷன் ஆவணங்களை எல்லாம் பார்த்துவிட்டு, நாட்டில் சட்டம் ஒழுங்கு குலைந்துவிட்டது என்பதற்கு அரசு அறிக்கைகளிலேயே ஆதாரம் இல்லை என்று சொன்னது.

ஜெ.பி. ராணுவத்தைக் கலகம் செய்யத் தூண்டினார் என்பது உண்மையா?

இங்கே ஒரே ஒரு பெயரடையைப் பார்க்க வேண்டும். ஜெயப்பிரகாஷ் நாராயண் காவல்துறையிடமும் ராணுவத்திடமும் கேட்டுக்கொண்டது: சட்டவிரோதமான உத்தரவுகளுக்குக் கீழ்ப்படியாதீர்கள். வானொலி உரையில் அது, சிலர் நம் படைகளைக் கலகம் செய்யவும் காவல்துறையைக் கிளர்ந்தெழவும் தூண்டும் அளவுக்குப் போய்விட்டார்கள் என்று மாறியது. ‘சட்டவிரோதமான’ என்ற சொல் விழுந்துவிட்டது.

எந்த அரசும் அப்படி ஓர் அழைப்பைக் கேட்டால் பயப்படும். எது சட்டவிரோத உத்தரவு என்று ஒரு சிப்பாய் எப்படி முடிவு செய்வார் என்பது நியாயமான கேள்வி. அந்த அழைப்பு விவேகமானதா என்று அன்றே பலர் கேட்டார்கள். அதை வைத்து அவரோடு வாதாடியிருக்கலாம். வாதாட வேண்டுமானால் அவர் சொன்ன வாக்கியத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். அதைச் செய்யவில்லை.

‘கசப்பு மருந்து’ உவமை எங்கிருந்து வந்தது?

1975 நவம்பர் 11 வானொலி உரையிலிருந்து. நாட்டுக்கு நோய் வந்திருக்கிறது, சீக்கிரம் குணமாக வேண்டுமானால் கசப்பாக இருந்தாலும் மருந்து கொடுத்தாக வேண்டும் என்றார். பிள்ளை எவ்வளவு செல்லமானாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த கசப்பு மாத்திரையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிள்ளை கஷ்டப்படும்போது தாயும்தான் கஷ்டப்படுகிறாள் என்றார்.

நமக்கு இது மிகவும் பழக்கமான பேச்சு. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே அந்த உவமை சுலபமாக உள்ளே இறங்கிவிடுகிறது. சற்று நின்று யோசித்தால் அதில் யார் யாராக இருக்கிறார்கள் என்பது தெரியும். வாக்களித்து ஆட்சியைக் கொடுத்த குடிமகன் பிள்ளையாகிவிட்டான். அவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் தாயாகிவிட்டார். பிள்ளை தாயிடம் ‘எந்தச் சட்டப்படி?’ என்று கேட்க முடியாது. நோய் என்ன என்று சொன்ன டாக்டர் யார் என்றும் உவமை சொல்லவில்லை. தாயும் டாக்டரும் ஒரே ஆள்.

இந்தச் சொல் வானொலியோடு நிற்கவில்லை. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையில் கைதானவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பில் நீதிபதி எம்.எச். பெக் எழுதினார்: கைதிகளுக்கு நல்ல இருப்பிடம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு கிடைக்கிறது, அரசு அவர்கள்மேல் காட்டும் அக்கறை ஏறக்குறையத் தாயின் அக்கறை போன்றது. அரசியல் மேடையின் உவமை ஐந்தரை மாதத்தில் தீர்ப்பின் வாசகமாகிவிட்டது.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்புதான் கேரளத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவனைப் போலீஸ் விடுதியிலிருந்து கொண்டுபோனது. அந்தப் பையன் திரும்பவே இல்லை. அப்பா அலைந்தார், மனுப் போட்டார். நெருக்கடி நிலை முடிந்த பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் வழக்கே நகர்ந்தது. அதன் விளைவாக 1977இல் ஒரு முதலமைச்சர் பதவி விலக நேர்ந்தது. ‘தாயின் அக்கறை’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அப்பாதான் என் நினைவுக்கு வருகிறார்.

தலைவர்களின் பேச்சைவிட அலுவலக மொழி ஆபத்தானது என்கிறார்களே?

நான் அப்படித்தான் நினைக்கிறேன். பேச்சை ஒருவர் பேசுகிறார். அவரிடம் திருப்பிக் கேட்கலாம். சுற்றறிக்கைக்கு முகம் கிடையாது.

டெல்லியில் வீடுகளை இடித்தது ‘அழகுபடுத்தல்’. இடம் இழந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் யமுனைக்கு அப்பால் விட்டது ‘மறுகுடியேற்றம்’. 1976 ஏப்ரலில் துர்க்மான் வாசல் பகுதியில் மக்கள் இடிப்பை எதிர்த்து நின்றபோது போலீஸ் சுட்டது. டெல்லியில் அந்தக் காலத்தில் சுமார் ஒன்றரை லட்சம் கட்டுமானங்கள் இடிபட்டன என்பது ஷா கமிஷனின் கணக்கு.

கருத்தடையில் இன்னும் மோசம். ஆள் பிடித்துக் கொண்டுவருவது ‘ஊக்குவித்தல்’. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ‘இலக்கு’. அறுவை மேசையில் கிடந்த மனிதர் ‘கேஸ்’. இத்தனை கேஸ் கொண்டுவராவிட்டால் சம்பளம் இல்லை. 1975–76இல் சுமார் 26 லட்சம் கருத்தடைகள். அடுத்த வருடம் 81 லட்சம். ஒரே வருடத்தில் மூன்று மடங்கு ஆனதற்கு ஊக்கம் காரணமாக இருக்க முடியாது. ஆனால் கோப்பில் அந்தச் சொல்தான் இருக்கும். ‘பிடித்தோம்’ என்று எழுத வேண்டியிருந்தால் பல குமாஸ்தாக்களுக்குக் கை நடுங்கியிருக்கும்.

கருத்தடைத் திட்டத்தின் பெயர் பட்ட அடியை அடுத்து வந்த அரசும் உணர்ந்தது. 1977இல் ஜனதா அரசு ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரையே ‘குடும்ப நலம்’ என்று மாற்றியது. நம் ஊர் ஆஸ்பத்திரிப் பலகைகளில் இருக்கும் ‘குடும்ப நலம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சுவரொட்டிகளில் என்ன எழுதினார்கள்?

‘ஒழுக்கம் நாட்டை உயர்த்தும்’, ‘பேச்சைக் குறை, வேலையைக் கூட்டு’ என்பது போல. காந்தியவாதி வினோபா பாவே மௌன விரதத்தில் இருந்தபடி எழுதிக் காட்டிய ‘அனுசாசன பர்வம்’ என்ற சொல்லை அரசு பிடித்துக்கொண்டது. மகாபாரதத்தின் ஒரு பர்வத்தின் பெயர் அது. கட்டுப்பாட்டின் காலம் என்று எல்லா இடத்திலும் விளம்பரமானது. ரயில் நேரத்துக்கு வந்தது, அலுவலகத்தில் ஆள் இருந்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ரயிலை நேரத்துக்கு ஓட்ட 1,10,000 பேரை விசாரணை இல்லாமல் உள்ளே வைப்பது ஏன் தேவைப்பட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஷா கமிஷன் கணக்குப்படி மிசா சட்டத்தில் சுமார் 35,000 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளில் சுமார் 75,000 பேர் சிறையில் இருந்தார்கள்.

அவசர நிலையா, நெருக்கடி நிலையா? எது சரி?

இரண்டும் புழக்கத்தில் உண்டு. எனக்கு ‘நெருக்கடி நிலை’ பிடிக்கும். ‘அவசரம்’ என்றால் நமக்கு வேகம்தான் ஞாபகம் வரும்: அவசரமாகப் போகணும், அவசர சிகிச்சை. அவசரத்தில் செய்ததை மன்னித்துவிடும் பழக்கமும் நமக்கு உண்டு. ‘நெருக்கடி’ என்பதில் ஒருவர் இன்னொருவரை நெருக்குவது கேட்கிறது.

சாதாரண ஜனங்கள் இரண்டையும் விட்டுவிட்டு ‘மிசா காலம்’ என்றார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் என்ற நீளமான பெயரின் ஆங்கிலச் சுருக்கம் மிசா. அரசு அந்தப் பெயரில் ‘பாதுகாப்பு’ என்று எழுதியிருந்தது. ஜனங்களுக்கு அது ‘உள்ளே போவது’. ‘அவர் மிசாவில் உள்ளே போனவர்’ என்று பெருமையோடு சொல்லும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. வடக்கே லாலு பிரசாத் சிறையில் இருந்தபோது பிறந்த மகளுக்கு மிசா என்றே பெயர் வைத்தார். அரசு வைத்த பெயரை மக்கள் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு வேறு அர்த்தம் கொடுத்துவிட்டார்கள்.

ஜனங்கள் அந்த மொழியை நம்பினார்களா?

1977 மார்ச் தேர்தலில் காங்கிரஸ் 154 இடங்களுக்குச் சுருங்கியது. ரேபரேலியில் ராஜ் நாராயணிடமே இந்திரா தோற்றார். இது வடக்கு சொன்ன பதில்.

தமிழ்நாட்டில் 39இல் 34 இடங்கள் அ.தி.மு.க.–காங்கிரஸ் அணிக்குப் போயின. இதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியாக இருக்காது. தி.மு.க. ஆட்சி இருந்த வரை, அதாவது 1976 ஜனவரி 31 வரை, இங்கே நெருக்கடி நிலையின் கடுமை குறைவாகவே இருந்தது. கட்டாயக் கருத்தடையும் வடக்கில் நடந்த அளவுக்கு நடக்கவில்லை. எம்.ஜி.ஆர். காங்கிரஸோடு இருந்தார். தி.மு.க. ஆட்சியைக் கலைத்ததற்கு டெல்லி சொன்ன காரணங்களில் ஊழல் புகார் பெரிதாக இருந்தது. அந்தப் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. சென்னை மத்திய சிறையில் தி.மு.க.வினர் அடிபட்டதும், முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியின் பின்விளைவில் உயிரிழந்ததும் முழுசாக வெளியே வந்தது பின்னால், நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரணையில்தான். தணிக்கை இருக்கும் நாட்டில் ஜனங்கள் எதை நம்பினார்கள் என்று கேட்கும் முன், எது அவர்கள் காதுக்குப் போனது என்று கேட்க வேண்டும்.

எல்லாத் தலைவர்களும் இப்படித்தானா? நேர்மையாகப் பேசியவர் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். 1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 படையினரை மீட்டுக்கொண்டு வந்தபோது பிரிட்டனே கொண்டாடியது. ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில், இந்த மீட்பை வெற்றி என்று எண்ணிவிடாமல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், பின்வாங்கி யாரும் போரில் ஜெயித்ததில்லை என்றார். தனக்குச் சாதகமான சொல் ஜனங்கள் வாயில் தயாராக இருந்தும் அதை வேண்டாம் என்றார். அவருடைய மற்றச் செயல்களைப் பற்றி, குறிப்பாக இந்தியாவில், எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அந்த வாக்கியம் பெரிய வாக்கியம்.

2020 மார்ச்சில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் கொரோனாவைப் பற்றிய ஒரே உரையில் ‘நாம் போரில் இருக்கிறோம்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த மாதமே ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர், இது போர் இல்லை, நம் மனிதத்தன்மைக்கு வந்த சோதனை என்றார். போர் என்று சொன்னால் எதிரி வேண்டும், தளபதி வேண்டும், கேள்வி கேட்பவன் துரோகியாக வேண்டும். நோய்க்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

இலங்கை 2009ஐ இதோடு சேர்க்கலாமா?

அளவில் இரண்டும் ஒன்றல்ல. வன்னியில் செத்தவர்களின் எண்ணிக்கை வேறு உலகம். மொழி வேலை செய்த விதத்தை மட்டும் பக்கத்தில் வைக்கலாம்.

அரசு அதை ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்பதே கொள்கை என்றது. ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த இடத்துக்குள் போன சனங்கள்மேல் எறிகணை விழுந்தது. தப்பி வந்த கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேரில் பெரும்பாலோரை முட்கம்பிக்குள் வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு ‘நலன்புரிக் கிராமம்’ என்று பெயர். நலம் என்றும் பாதுகாப்பு என்றும் வரும் சொற்கள் இப்படித்தான் மிகக் கொடுமையான இடத்தில் வந்து உட்காருகின்றன. சனங்களைப் போக விடாமல் தடுத்து, ஓடியவர்களைச் சுட்ட புலிகளும், மக்கள் தங்கள் விருப்பத்தில்தான் எங்களோடு இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு இரு தரப்பையும் பற்றி எழுதியது; இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது.

2009 மே 19 அன்று மகிந்த ராஜபக்ச நாடாளுமன்றத்தில் பேச்சைத் தமிழில் தொடங்கினார். சிறுபான்மை என்ற சொல்லையே அகராதியிலிருந்து எடுத்துவிட்டோம், இனி நாட்டை நேசிப்பவர்கள், நேசிக்காதவர்கள் என இரண்டே வகைதான் என்றார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சிறுபான்மை என்ற சொல் போனால், அந்தப் பெயரில் உரிமை கேட்டவர்களுக்கு மிஞ்சுவது எந்த வகை என்று பாருங்கள்.

நெருக்கடி நிலைக்குப் பிறகு சட்டத்தில் ஏதாவது மாறியதா?

மாறியது. முக்கியமாக ஒரு சொல் மாறியது. 352ஆவது பிரிவில் போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று மூன்று காரணங்கள் இருந்தன. 1975 பிரகடனம் அந்த மூன்றாவதில்தான் நின்றது. குழப்பம் என்றால் என்ன? கடையடைப்பும் குழப்பம்தான், மாணவர் ஊர்வலமும் குழப்பம்தான். 1978இல் 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று எழுதியது. ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்க முடியும்.

இன்னொன்றும் சேர்த்தார்கள். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யலாம். தூங்கி எழுந்த அமைச்சர்களிடம் ஆறு மணிக்குச் சொன்னதற்கான பதில் அது. 20, 21ஆவது பிரிவுகளை இனி முடக்கவும் முடியாது.

செய்தி படிக்கும்போது எதைக் கவனிப்பீர்கள்?

முதலில் எழுவாயைத் தேடுவேன். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் அமையும் என்பதால் இதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ‘குடிசைகள் அகற்றப்பட்டன’ என்று வந்தால், யார் அகற்றினார், யார் உத்தரவில், எத்தனை மணிக்கு என்று நிருபரைக் கூப்பிட்டுக் கேட்பேன். பாதி நாள் பதில் கிடைக்காது. கிடைத்த நாளில் ‘மாநகராட்சி ஊழியர்கள் போலீஸ் துணையோடு காலை ஐந்து மணிக்கு 40 வீடுகளை இடித்தார்கள்’ என்று மாற்றுவேன். நீளம் அதிகம்தான். இடத்துக்காக அதை வெட்டச் சொன்ன மேலதிகாரிகளோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறேன்.

அரசின் வார்த்தைக்கு எதிராக யாரும் எதுவும் எழுத முடியவில்லையா?

முடிந்தது. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டது. அதே நாள் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் இரங்கல் பகுதியில், டி.இ.எம். ஓக்ரசி என்பவர் ஜூன் 26 அன்று காலமானார் என்று ஒரு சின்ன விளம்பரம் வந்தது, மனைவி டி. ரூத், மகன் எல்.ஐ. பெர்ட்டி. ஜனநாயகம், உண்மை, சுதந்திரம் என்ற ஆங்கிலச் சொற்களை உடைத்துச் செய்த பெயர்கள் அவை. இங்கே ‘துக்ளக்’ கறுப்பு அட்டையோடு வந்தது. காலி இடம்கூடப் பேசுகிறது என்று தெரிந்ததும், தலையங்கத்தை வெறுமையாக விடக் கூடாது, காந்தி, தாகூர் வாசகங்களைப் போட்டு நிரப்பவும் கூடாது என்று தணிக்கை விதி வந்தது.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ‘முரசொலி’ செய்தது. 1976 ஜனவரி 31 இரவு ஆட்சி கலைந்தது. கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. கைதானவர்கள் பட்டியலைப் போடத் தணிக்கை விடாது. மகன் எங்கே, கணவன் எங்கே என்று ஊர் ஊராக வீடுகள் தவித்தன. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று கடற்கரையில் அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று தலைப்பிட்டு, முரசொலி மாவட்டம் மாவட்டமாகப் பெயர்களை அச்சிட்டது. கைது என்ற சொல் எங்கேயும் இல்லை. தணிக்கை அதிகாரிக்கு வெட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பேப்பரைப் பிரித்துத் தங்கள் மாவட்டத்தைத் தேடி, அதில் விரல் வைத்துப் பெயரைக் கண்டுபிடித்த வீடுகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.